நாட்டுச் செடிக்கு நாட்டிலே இடமில்லையா?

தேனி ஜில்லாவில், நாட்டுச் செடிகொடிகளை அவை இயற்கையாக வாழும் சூழலோடு சேர்த்து ஜனங்களுக்குக் காட்டக்கூடிய தாவரத் தோட்டம் ஒன்று ஏற்பட வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். இதைக் கேட்டுச் சிலர் புன்னகை புரியலாம். குடிநீரைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் பூஞ்செடிக்கு வக்காலத்து வாங்குவானேன் என்று கேட்கலாம். இது பூஞ்செடியைப் பற்றிய விஷயமன்று. ஒரு தேசத்தார் தங்கள் மண்ணில் தாமாக முளைப்பது இன்னதென்று அறிந்து அதை ஆளப்போகிறார்களா, அல்லது அந்நியன் எழுதி வைத்த ஜாபிதாவைப் பார்த்துத்தான் தங்கள் வீட்டையே தெரிந்துகொள்ளப் போகிறார்களா என்பதே கேள்வி. குடிநீரும் இதனுள் அடங்கியதே என்பதைப் பின்னர் காட்டுவோம்.

முதலில், தாவரத் தோட்டம் என்ற ஏற்பாடு நம் நாட்டிற்கு எவ்வாறு வந்ததென்று பார்ப்போம். 1787-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி நதி தீரத்தில், கர்னல் ராபர்ட் கிட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு தோட்டம் போட்டார். கம்பெனிக் கப்பல்களுக்குத் தேக்கு, கம்பெனி வியாபாரத்திற்கு வாசனைத் திரவியங்கள் ஆகியவற்றை வளர்த்துப் பார்ப்பதே அதன் நோக்கம். 1848-இல் உதகமண்டலத்தில் மக்கைவர் என்ற துரை அமைத்த தோட்டத்தின் பூர்வோத்தரமும் இத்தகையதே. மலையில் குடியேறிய ஐரோப்பியர்களுக்கு மலிவாகச் சீமைக் காய்கறி கிடைக்க வேண்டுமென்ற முயற்சியில் தொடங்கி, பிறகு அது அரசாங்கத் தோட்டமாயிற்று. ஆண்டுதோறும் கோடைகாலத்தில் ஆயிரமாயிரம் ஜனங்கள் அங்கே சென்று மலர்க் கண்காட்சியைக் கண்டு களிக்கிறார்கள். அத்தோட்டத்தின் அழகை நாம் குறை கூறவில்லை. ஆனால் நீலகிரியின் சொந்தப் புல்வெளி எப்படியிருக்கும், சோலைக்காடு எப்படியிருக்கும் என்பதை அங்கே கண்காட்சிக்குப் போய்த் திரும்பியவர்களில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

கல்கத்தாத் தோட்டத்திற்கு 2009-ஆம் ஆண்டில் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. செடிக்கும் உணர்ச்சியுண்டு என்று உலகத்திற்குக் காட்டிய மேதையின் பெயர் அது, மிகப் பொருத்தமானதே. ஆனால் பலகையில் பெயர் மாறுவது எளிது. தோட்டத்தின் நோக்கம் மாறுவதே கடினம்.

நமது தாவரங்களைப் பற்றிய சாஸ்திர அறிவும் இவ்விதமே வெளிநாடு சென்றது. ராபர்ட் வைட் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர் சென்னை மாகாணமெங்கும் செடிகளைச் சேகரித்தார். 1836-இல் பழனி மலைகளிலும் ஏறினார். 1838-க்கும் 1853-க்கும் இடையே அவர் வெளியிட்ட பெருநூலில் நூற்றுக்கணக்கான படங்கள் உள்ளன. அவற்றிற்கு ஆதாரமான சித்திரங்களை வரைந்தவர்கள் யார்? ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னாட்டுச் சித்திரக்காரர்கள். இதழின் நரம்பையும் விதையின் உட்பகுதியையும் கண்ணால் கண்டு கையால் தீட்டிய அவ்விருவரையும் நம்மவரில் அறிந்தார் மிகச் சிலர். வைட் துரை நன்றி மறவாதவர். ஆர்க்கிட் இனம் ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். உலர்த்திய செடிகளோ கப்பலேறிச் சீமைக் களஞ்சியங்களை நிரப்பின. செடி நம்முடையது, எழுதிய கையும் நம்முடையது, அறிவின் இருப்பு மட்டும் அயலூரில். இந்நிலையை மாற்றப் பிற்காலத்தில் பாடுபட்டவர்களில், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக் களஞ்சியத்தை நடத்திய காலஞ்சென்ற பாதிரியார் மாத்யூ அவர்கள் முதன்மையானவர். கர்நாடகச் சமவெளிக்கும் பழனி மலைகளுக்கும் அவர் தொகுத்த தாவர நூல்களை வைத்துக்கொண்டுதான் இன்று எவரும் இப்பகுதியில் ஒரு செடியை நிச்சயமாகப் பெயரிட முடிகிறது. ஆனால் அந்நூல்கள் பண்டிதர்களுக்குரியவை. போடியிலுள்ள ஒரு பள்ளிப் பிள்ளை அவற்றைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடியது செடியைத்தான்.

வெளிநாட்டுச் செடிகளைக் காட்டும் தோட்டங்களால் விளைந்தது அறியாமை மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். தீங்கும் விளைந்தது. இன்று நம் மலைச்சரிவுகளையெல்லாம் மூடி நிற்கும் உண்ணிச்செடி, அமெரிக்கக் கண்டத்திற்குரியது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்தில் அலங்காரத்திற்காக வைக்கப்பட்டதே அது. வேலி தாண்டியது, பறவைகள் விதையைப் பரப்பின, இப்போது புலிகள் காப்பகத்திற்குள்ளும் மானுக்குப் புல் இல்லாமல் செய்துவிட்டது. குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் பூவின் அழகுக்காக வரவழைக்கப்பட்டதுதான். சீமைக் கருவேலத்தைக் காமராஜர் காலத்தில் கொண்டுவந்தார்கள் என்று சிலர் மேடைகளில் பேசுகிறார்கள். அது தவறு. 1877-ஆம் ஆண்டிலேயே ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துச் சென்னை மாகாணத்தில் விதைத்தவர்கள் ஆங்கில அதிகாரிகள். விறகு வேண்டுமென்பது அவர்கள் கூறிய காரணம். பிற்காலத்தில் நம்மவரும் அதைப் பரப்பினார்கள் என்பது மெய்யே. 2022-இல் தமிழ்நாட்டு சர்க்கார் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையையே பிரகடனம் செய்ய நேர்ந்தது. அகற்றுவதைப் பற்றிப் பேசும் நாம், அகற்றிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கிறோமா? அந்த விடையைக் கண்ணால் காண்பதற்கு ஓர் இடம் வேண்டாமா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட விரும்புகிறோம். அயல்நாட்டிலிருந்து வந்த செடி என்பதற்காகவே ஒன்றை வெறுப்பது நமது கொள்கையன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்று இப்பள்ளத்தாக்கிற்குப் புகழ் சேர்த்த கம்பம் பன்னீர்த் திராட்சையே பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படுவது. மிளகாயும் தேயிலையும் வெளியிலிருந்து வந்தவையே. விருந்தாளி வீட்டுக்கு வரலாம்; உழைத்தால் உறவினனாகவும் ஆகலாம். ஆனால் வீட்டுக்காரன் யாரென்றே வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போவது நியாயமா என்றுதான் கேட்கிறோம்.

உலகத்தில் மற்ற இடங்களில் இக்கேள்விக்கு எவ்வாறு விடை கண்டார்கள்? தென்னாப்பிரிக்காவில், கேப் நகரத்து மலையடியில், 1913-ஆம் ஆண்டில் கிர்ஸ்டன்பாஷ் என்ற தோட்டம் நிறுவப்பட்டது. அந்நாட்டுச் செடிகளையே வளர்ப்பது என்ற சங்கற்பத்துடன் அது தொடங்கிற்று; இன்று உலகப் பிரசித்தி பெற்ற தோட்டங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. ராஜஸ்தானத்தில் ஜோத்பூர்க் கோட்டையின் அடியில் சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலம் சீமைக் கருவேலத்தால் மூடிக் கிடந்தது. 2006-இல் பிரதீப் கிருஷேன் என்பவர் மேற்பார்வையில் அதை மீட்கும் வேலை தொடங்கியது. பாறைக்குள் இறங்கிய வேரை எப்படித் தோண்டுவதென்று படித்தவர்கள் திகைத்தபோது, அவ்வூர்க் கல்வெட்டுத் தொழிலாளிகள் உளியும் சுத்தியலும் கொண்டு வேரைப் பேர்த்தெடுத்தார்கள். அந்தப் பாறையிடுக்குகளில் மார்வார் பாலையின் சொந்தச் செடிகள் மீண்டும் வைக்கப்பட்டன. இன்று அது ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்ற பெயருடன் விளங்குகிறது. ரோஜாவும் புல்தரையும் கிடையா. கள்ளியும் முள்ளும் காட்டுப்புல்லுமே காட்சி. அதைக் காணத் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. ஆரோவில்லில் 2000-ஆம் ஆண்டில் சுமார் 50 ஏக்கரில் தொடங்கிய தாவரத் தோட்டம், சோழமண்டலக் கரையோரத்திற்கே உரிய உலர் பசுமைக்காட்டை மீட்டுக் காட்டுகிறது. சென்னை அடையாற்று முகத்தில் குப்பை மேடாயிருந்த நிலம், நாட்டுச் செடிகளைக் கொண்டு திருத்தப்பட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தோட்டக்கலை இலாகாவும் ஐந்திணைகளின் பெயரால் மரபியற் பூங்காக்கள் அமைக்க முனைந்தது. குறிஞ்சிக்கு ஏற்காடு, பாலைக்கு இராமநாதபுரம் என்று ஒவ்வொரு திணைக்கும் ஒவ்வொரு ஜில்லாவைத் தேர்ந்தார்கள். யோசனை பாராட்டத்தக்கது. ஆனால் ஐந்திணையின் உட்பொருள் நிலங்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவில் இருக்கிறது. மலையில் பெய்த மழை காட்டின் வழியே வயலுக்கு வருகிறது. மலை கெட்டால் வயல் கெடுகிறது. இந்த உறவை ஒரே பார்வையில் காட்டக்கூடிய இடம் எது?

கம்பம் பள்ளத்தாக்குதான் என்று நாம் தயக்கமின்றிச் சொல்லுவோம்.

நேயர்கள் இந்நிலத்தின் அமைப்பைச் சற்று மனத்திற் கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கின் தளம் கடல் மட்டத்திற்குச் சுமார் ஆயிரம் அடி உயரத்தில் கிடக்கிறது. மேற்கே ஏலமலை, வடக்கே பழனி மலை, தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். போடிக்கு மேலே கொலுக்குமலைப் பக்கத்தில் முகடுகள் ஏழாயிரம் அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலைக்கு அப்பாலுள்ள கேரளம் வாங்கிக்கொள்ளுகிறது. கணவாய் வழியே காற்று மட்டும் நமக்கு வந்து ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆகவே, முகட்டில் எப்போதும் ஈரம், அடிவாரத்தில் முள்வெளி, நடுவே ஆறும் நெல்வயலும். இத்தனை வேற்றுமையும் காகம் பறக்கும் தூரத்தில் சில மைல்களுக்குள் அடங்கியிருக்கிறது. காலையில் வைகைக் கரையில் புறப்பட்டவன் மாலைக்குள் சோலைக்காட்டில் நிற்கலாம்.

ஆற்றங்கரையை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். 1895-இல் முடிவு பெற்ற பெரியாற்று அணையின் நீர் முல்லையாற்றின் வழியே இறங்கி, இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்குப் பாய்கிறது. கரையைக் காத்து நின்றவை நீர்மருதும் நாவலும் புங்கும் இலுப்பையும் தாழையும். வெள்ளத்தில் மண் அரியாமல் தங்கள் வேர்களால் பிடித்துக்கொண்டவை இவைதாம். மருதம் என்ற திணைக்குப் பெயர் கொடுத்த மரத்தையே, மருத நிலத்துப் பிள்ளைகள் இன்று அடையாளம் காட்டத் தெரியாமல் விழிக்கிறார்கள்.

ஆற்றை விட்டு மேலேறினால் கரடு. உசிலை, குடைவேல், விடத்தேரை, கிளுவை, சதுரக்கள்ளி, ஆவாரை, விராலி, சங்கஞ்செடி, இலந்தை. வருஷத்தில் பெரும்பகுதி மழையின்றி வாழக் கற்றவை இவை. கள்ளி இலையை விட்டுவிட்டுப் பச்சைத் தண்டினாலேயே உணவு சமைத்துக்கொள்ளுகிறது. கிளுவை கோடையில் இலையுதிர்த்து நீரைச் சேமிக்கிறது. உசிலை வேரால் மண்ணுக்கு உரமூட்டி, இலையால் ஏழைகளுக்குத் தலை தேய்க்கும் அரப்பைத் தருகிறது. ஆவாரம்பட்டை தோல் பதனிடுவதற்கும், விராலியிலை சுளுக்கிற்கு வைத்துக் கட்டுவதற்கும் எத்தனை தலைமுறையாகப் பயன்பட்டு வந்தவை! இத்தகைய நிலத்திற்கு ரெவினியூ தஸ்தாவேஜில் என்ன பெயர் தெரியுமா? தரிசு. வரி தராத நிலமெல்லாம் வெற்று நிலம் என்பது கம்பெனிக் காலத்துக் கணக்கு. அதில் ஆடு மேய்வதும், கௌதாரி முட்டையிடுவதும், மழைநீர் நின்று நிலத்தில் இறங்குவதும் அந்தக் கணக்கில் வரா. வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அவன் வைத்த பெயர் போகவில்லை. தரிசென்று எழுதிய நிலத்தைக் கல்குவாரிக்கும் மனைக்கட்டுக்கும் கொடுக்க யாருக்குத்தான் மனம் கூசும்?

அதற்கும் மேலே அடிவாரக் காடு: வேங்கை, கடுக்காய், நெல்லி, சந்தனம். அப்பால் மேகமலைப் பசுமைக்காடு. அங்கே நிற்கும் வெடிப்பலா மரத்தின் பழத்தை நம்பிச் சிங்கவால் குரங்கு உயிர் வாழ்கிறது. மரம் போனால் குரங்கும் போயிற்று. காட்டு நிழலில் ஏலமும் மிளகும் மனிதன் நடாமலே வளர்கின்றன. போடிநாயக்கனூர் ஏல வியாபாரத்தால் வாழும் ஊர். தோட்டத்து ஏலத்திற்கு நோய் வந்தால் அதைத் தாங்கும் குணத்தை அதன் காட்டு உறவினரிடந்தான் தேட வேண்டியிருக்கும். வியாபாரிகள் இதைக் கவனிப்பார்களாக.

உச்சியில் புல்வெளியும் சோலையும். அப்புல்வெளியில்தான் குறிஞ்சி பூக்கிறது. 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டிற்கொரு முறை நீல நிறம் போர்த்த மலை, 2030-இல் மீண்டும் பூக்க வேண்டும். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்று நாம் பெருமை பேசுகிறோம். அப்பூக்களில் பத்தையேனும் செடியில் வைத்துக் காட்டக்கூடிய தமிழாசிரியர் எத்தனை பேர்? கொலுக்குமலைக் குறிஞ்சியைப் பார்க்கத் தேனி ஜில்லாவாசி கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய் ஜீப்பு ஏறுகிறான்; போனவர்களில் சிலர் பூவைப் பறித்து மூட்டையாகக் கட்டி வருகிறார்கள். அறியாமையோடு கூடிய ஆசை அழிவையே தரும்.

இனி, குடிநீருக்கு வருவோம். மலைப்புல்வெளி மழையை வாங்கித் தேக்கி, கோடையிலும் ஓடையாக விடுகிறது. பழனி மலையின் தென்சரிவில் பிறக்கும் மஞ்சளாறும் வராகநதியும் கும்பக்கரை அருவியும் பெரியகுளத்து நிலங்களை நனைப்பவை. அந்தப் பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே, நாற்பதே ஆண்டுகளில், புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று ஆராய்ச்சியாளர்கள் வானப் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். மறைத்தவை எவை? சீகை என்று சொல்லப்படும் வாட்டில் மரமும், தைலமரமும், பைனும், விவசாயமும். மரம் நட்டால் புண்ணியம் என்ற எண்ணத்தோடு புல்வெளியில் மரம் நட்டார்கள். புல்வெளியும் ஒரு காடுதான், அதற்கும் வாழ உரிமையுண்டு என்று அறியாததன் பலன் இது. இவ்வறியாமை சர்க்கார் காரியாலயங்களிலும் இருந்தது, பொதுஜனங்களிடமும் இருந்தது. இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் நடு விழா என்று சொல்லி எந்த நிலத்தில் எந்த மரம் என்று விசாரிக்காமல் கன்று ஊன்றிப் படம் பிடித்துக்கொள்ளும் தேசத் தொண்டர்களையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நமது யோசனைக்குச் சில ஆட்சேபணைகள் வரும். “காடே இருக்கும்போது தோட்டம் எதற்கு?” என்பது ஒன்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 1,016 சதுர கிலோமீட்டருக்கு ஏற்பட்டுவிட்டது; அது போதாதா என்பார்கள். காப்பகம் வரவேற்கத்தக்கதே. வைகையின் தாய்மடி அதனுள் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லோரும் போக முடியாது, போகவும் கூடாது. அன்றியும், கரடும் ஆற்றங்கரையும் காப்பகத்திற்கு வெளியே கிடக்கின்றன. அவற்றிற்குக் காவல் கிடையாது. ஜனங்கள் அருமை அறிந்தால்தான் அவற்றிற்குக் காவல் ஏற்படும்.

“தோட்டம் வைத்தால் காட்டை விற்கச் சாக்காகிவிடுமே!” என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. மாதிரிக்கு ஒரு ஏக்கர் வைத்துவிட்டோம், மற்றதை வெட்டலாம் என்று எவராவது சொல்லத் துணிந்தால் முதலில் எதிர்த்து எழுதுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். சித்திரம் மனிதனுக்குப் பதிலாகாது. ஆனால் மனிதனை அடையாளம் காண்பதற்குச் சித்திரம் உதவும்.

“பணத்திற்கு எங்கே போவது?” என்பது மூன்றாவது. 2022-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், லண்டன் கியூ தோட்டத்தாரின் ஒத்துழைப்புடன் சென்னைக்கு அருகில் 300 கோடி ரூபாயில் தாவரத் தோட்டம் அமைக்கப்படுமென்று அறிவிக்கப்பட்டது. கியூ தோட்டத்தாரின் நிபுணத்துவத்தை நாம் மதிக்கிறோம். நம்மிடமிருந்து சென்ற அறிவு நமக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் தலைநகருக்கே என்பது பழைய துரைத்தன வழக்கம். அத்தொகையில் நூற்றிலொரு பங்கு, அதாவது 3 கோடி ரூபாய், இத்தகைய ஒரு பள்ளத்தாக்குத் தோட்டத்தைத் தொடங்கி வைக்கப் போதுமானது. நாட்டுச் செடி முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டால் தண்ணீர் லாரி கேட்காது, மருந்து கேட்காது, புல்வெட்டும் யந்திரமும் கேட்காது.

தோட்டத்தை எங்கே, எப்படி அமைப்பது? ஒரே வேலிக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடலாமென்று நினைப்பது மடமை. குறிஞ்சி சமவெளியின் வெயிலில் வாழாது. அதைக் கண்ணாடிக் கூண்டில் வைப்பது துரைமார் பாணி. ஆகையால் இத்தோட்டம் பல படிகளாக இருக்க வேண்டும். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் அடியில் சர்க்கார் பூங்கா இருக்கிறது. திரளான ஜனங்கள் அங்கே வருகிறார்கள். அதன் ஒரு பகுதியில் ஆற்றங்கரைக் காட்டையும், அடுத்துள்ள மேட்டில் கரட்டுக் காட்டையும் அமைக்கலாம். மேலுள்ள படிகளுக்குப் புதிதாகக் காட்டை அழிக்கவே கூடாது. மலைப்பாதை ஓரங்களில் ஏற்கெனவே கெட்டுப்போன நிலங்களில் உண்ணிச்செடியையும் வாட்டிலையும் களைந்து, அந்தந்த உயரத்திற்குரிய காட்டையும் புல்வெளியையும் மீட்டுக் காட்ட வேண்டும்.

விதை இந்தப் பள்ளத்தாக்கினுடையதாகவே இருக்க வேண்டும்; வெளியூர் நர்சரியில் லாரி ஏற்றிக் கொண்டுவந்த கன்றுகள் உதவா. காட்டிலிருந்து வளர்ந்த செடியைப் பிடுங்கி வரக்கூடாது; உதிர்ந்த விதையைப் பொறுக்கி முளைக்க வைக்க வேண்டும். பெயர்ப் பலகையில் லத்தீன் பெயர் இருக்கட்டும்; அதற்கு மேலே ஊரார் வழங்கும் தமிழ்ப்பெயர் இருக்கட்டும். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது; அதன் மாணவர்கள் மாவையும் புளியையும் போல் உசிலையையும் வெடிப்பலாவையும் முளைக்க வைக்கக் கற்கட்டும். தோட்டத்தின் நாற்றங்காலிலிருந்து ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் அந்தந்த நிலத்துக்குரிய கன்றுகள் போக வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. இம்மலைகளில் வாழும் பளியர் மக்களின் அறிவு எந்தக் களஞ்சியத்திலும் அடங்காதது. எந்தக் கிழங்கு எப்போது முதிரும், எந்த மரம் எத்தனை ஆண்டிற்கு ஒரு முறை காய்க்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் நேர்ந்தது அவர்களுக்கும் நேரக்கூடாது. அவர்களைக் கூலியாட்களாக வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுவது அநீதி. தோட்டத்தை நடத்தும் சபையில் அவர்களுக்கு ஆசனம் வேண்டும். சொன்ன அறிவுக்குச் சொன்னவர் பெயர் வேண்டும். அதனால் வரும் வருமானத்தில் பங்கு வேண்டும். 2002-ஆம் வருஷத்திய உயிரினப் பன்மைச் சட்டமே உள்ளூர்தோறும் குழுவும் பதிவேடும் வேண்டுமென்று விதித்திருக்கிறது. சட்டத்தை அச்சிட்ட காகிதத்திலேயே உறங்கவிடாமல் எழுப்ப வேண்டியது ஜனங்களின் கடமை.

சர்க்காரைக் கேட்பது அவசியம். ஆனால் சர்க்காரையே நம்பிக் காத்திருப்பது சுயமரியாதைக்கு அழகன்று. கம்பத்திலும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் பெரியகுளத்திலும் ஆண்டிபட்டியிலும் உள்ள தேச ஊழியர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றுண்டு. தங்கள் ஊர் எல்லையில் தரிசென்று எழுதப்பட்ட கரடு ஒன்றைத் தேர்ந்து, அதில் நிற்கும் செடிகளுக்கெல்லாம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பெயர் எழுதட்டும். சீமைக் கருவேலத்தை வேரோடு களையட்டும். கிராம சபையில் அந்நிலத்தைக் காப்பதென்று தீர்மானம் செய்து, அந்தத் தீர்மானத்தோடு கலெக்டரிடம் போகட்டும். பத்துக் கிராமங்கள் இப்படிச் செய்தால் தோட்டம் பாதி ஏற்பட்டுவிட்டதாகும். மீதியைச் செய்யாமல் எந்த மந்திரியும் தப்ப முடியாது.

பாலை என்பது தனி நிலமன்று, மலையும் காடும் வளங்கெட்டால் எய்தும் நிலையே அது என்பது நம் முன்னோர் கொள்கை. ஆகவே பாலைக்கென்று இப்பள்ளத்தாக்கில் தோட்டம் போட வேண்டியதில்லை; நாம் அசட்டையாயிருந்தால் அது தானே வந்து சேரும். மற்ற நான்கில் நெய்தல் நமக்கில்லை. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் இருக்கின்றன. 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது, அதை மூட்டை கட்டுகிற கூட்டமாக மலையேறப் போகிறோமா, பெயர் சொல்லி வரவேற்கிற குடிமக்களாக ஏறப் போகிறோமா என்பதை இப்பொழுதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். காலம் அதிகமில்லை. தேனி ஜில்லாவாசிகள் என்ன சொல்லுகிறார்கள்?